தூரத்துக் கணினியை மேய்ப்பது எப்படி? வானூர்க்காரர்களுக்கு ஒரு கைகாட்டி

முதல் படி: இடம் பிடிப்பது

வீட்டில் சிக்னல் எங்கே விழுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்படாதீர்கள், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டில் அது தொழுவத்துக்கும் வைக்கோல்போருக்கும் நடுவே, பூவரச மரத்தடியில், நாலடிக்கு நாலடி இடத்தில் விழுகிறது. ஐப்பசி மழையில் ஓரடி வடக்கே நகரும். திருவக்கரையில் பௌர்ணமிக் கூட்டம் கூடும் ராத்திரிகளில் மொத்தமாகக் காணாமல் போய், கூட்டம் வக்கிரகாளியைத் தரிசித்துவிட்டுக் கலைந்த பிறகு திரும்பி வரும். இந்த நடமாட்டங்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சிக்னல் விழும் இடம்தான் இனி உங்கள் அலுவலகம். அங்கே கட்டியிருக்கும் கிடேரியை வேறிடம் மாற்றுவது பற்றி அம்மாவிடம் பேச வேண்டியது நீங்கள். இந்தக் கட்டுரை அதில் தலையிடாது.

வானூர் வட்டத்துக்கு ஐடி வந்துவிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 பிப்ரவரியில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் மினி டைடல் பார்க் திறந்தார்கள். 31 கோடி ரூபாய் கட்டடம், 63,000 சதுர அடி, 500 பேர் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் பக்கத்துப் பெருசுகள் டிகிரி முடித்த எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் “கூட்டுரோட்டுல கேட்டுப் பார்த்தியா?” என்கிறார்கள், மளிகைக் கடையில் சரக்கு கேட்பதைப் போல.

ஒரு விஷயத்தைப் பெருசுகளிடம் யாரும் சொல்லவில்லை. நீங்கள் டைடல் பார்க்கின் நாலாவது மாடியில் உட்கார்ந்தாலும் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தாலும், வேலை நடக்கிற கணினி அங்கே இருக்காது. அது மும்பையிலோ ஐதராபாத்திலோ குளிர்ந்த அறையில் அடுக்கிக்கிடக்கும் ஆயிரத்தில் ஒன்று. அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, மேலே துணி போர்த்த ஆளும் கிடையாது. உங்கள் மடியில் இருப்பது வெறும் கோல். மேய்ச்சல் வேறு ஊரில்.

இரண்டாம் படி

இந்தப் படியை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. சேமித்து வைக்கவில்லை.

மூன்றாம் படி: கருப்பா, கலரா

தூரத்துக் கணினியோடு புழங்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று டெர்மினல். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஓரத்தில் மினுக் மினுக் என்று ஒரு கட்டம். நீங்கள் ஒரு வரி தட்டினால் அது ஒரு வரி பதில் சொல்லும். பல சமயம் பதிலே சொல்லாது. வேலை முடிந்தது என்று நீங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும். சம்பந்தி வீட்டாரைப் போல, குறை இருந்தால் மட்டும் வாயைத் திறக்கும்.

மற்றது ரிமோட் டெஸ்க்டாப். தூரத்துக் கணினியின் திரை அப்படியே உங்கள் திரைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்னணியில் பச்சை மலை, கீழே ஸ்டார்ட் பட்டன், நடுவே ஓர் அம்புக்குறி. பார்க்க லட்சணமாக இருக்கும். அம்புக்குறியை நகர்த்தினால் அதுவும் நகரும். எப்போது நகரும் என்பதுதான் கேள்வி.

இரண்டும் எவ்வளவு சுமை தூக்குகின்றன என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டெர்மினல் திரையின் பழைய அளவு 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். 1978இல் வந்த விடி100 என்ற கருவி அதைப் பிரபலமாக்கிவிட்டுப் போனது, இன்னமும் பல டெர்மினல்கள் அதே அளவில்தான் திறக்கின்றன. பெருக்கினால் 1920 எழுத்து. ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட், ஆக 1920 பைட். இப்போது உங்கள் மடிக்கணினித் திரையைப் பாருங்கள். அதன் அகலமும் 1920தான், ஆனால் புள்ளிகள். அப்படி 1080 வரிசை, புள்ளிக்கு நிறம் சொல்ல 3 பைட். மொத்தம் 62,20,800 பைட். அதாவது கலர் திரையின் ஒரே ஒரு தோற்றத்தைச் சுருக்காமல் அனுப்புகிற செலவில் 3,240 கருப்புத் திரைகளை அனுப்பலாம். படத்தைச் சுருக்கி, மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிற சாமர்த்தியமெல்லாம் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு உண்டு. இல்லையென்றால் யாரும் பிழைத்திருக்க முடியாது. ஆனால் நீங்கள் ஒரு ஜன்னலைப் பிடித்து இழுத்துவிட்டால் எல்லாப் புள்ளியும் மாறும். அப்போது திரை கல்லாகிவிடும். திருவக்கரையில் மரம் கல்லாகிக் கிடக்கிறதே, அதற்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு என்கிறார்கள். இதற்கு இரண்டு நொடி போதும்.

எங்கப்பாவுக்கு இதை விளக்கப் போய்த்தான் நான் அசடு வழிந்தேன். எனக்கு முன்பே அவர் டெர்மினல் ஆள். எங்கள் போர் மோட்டாருக்கு ஒரு செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார். தகரப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. வேளாண் பொறியியல் துறையே இதற்கு மானியம் தருகிறது. முன்பெல்லாம் ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் டார்ச் லைட்டும் கம்புமாக வரப்பில் நடப்பார். பாம்புக்கு இவரும் இவருக்குப் பாம்பும் பழகிப்போயிருந்த காலம். இப்போது கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே போன் போடுகிறார். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், வேறொன்றை அழுத்தினால் நிற்கும். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டாலோ ஒரு பேஸ் போய்விட்டாலோ பெட்டியே கூப்பிட்டுச் சொல்லும். கட்டளை, பதில், அவ்வளவுதான். நான் நாலு வருஷம் படித்து, கல்விக்கடன் வாங்கிக் கற்றுக்கொண்டது இதைத்தான்.

பெரியப்பா மகன் வசதியானவர். அவர் மோட்டார் கொட்டகையில் கேமரா மாட்டியிருக்கிறார். மோட்டார் ஓடாமல் நிற்பதை அவர் பெங்களூரிலிருந்தே துல்லியமாகப் பார்க்கலாம்.

இந்த ஞானம் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. வானூர் எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியின் வில்லியனூர். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அங்கே ஒரு மையம் வைத்து, சுற்றுக் கிராமங்களில் அறிவு மையங்கள் திறந்தது. நம்பத் தகுந்த டெலிபோன் லைன் இல்லாத இடங்களுக்கு வயர்லெஸ் ரேடியோ வழியாகச் செய்தி அனுப்பினார்கள். வாக்கி டாக்கி போன்ற கருவிதான், அதைக் கணினியோடு இணைத்திருந்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக்கடலின் அலை உயர வரைபடத்தை எடுத்து, அதிலுள்ள விஷயத்தைத் தமிழில் சொல்லாக்கி, கரையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலுக்குப் போகிறவருக்கு வரைபடத்தின் வண்ணம் எதற்கு? அலை எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம், அது போதும். கப்பற்படை போட்ட கலர் படம் வீராம்பட்டினம் வந்து சேர்ந்தபோது இரண்டு வாக்கியமாகியிருந்தது. கட்டுமரம் மிதக்கப் போதுமான இரண்டு வாக்கியம்.

நான்காம் படி: பார்க்கிறவர்களைக் கவனிக்கவும்

தொழில்நுட்பக் காரணங்களுக்காக மட்டும் யாரும் திரையைத் தேர்ந்தெடுப்பதில்லை. உங்களைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கருப்புத் திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் இரண்டு நாள் மரியாதை கிடைக்கும். சினிமாவில் இப்படித்தான் ராக்கெட் விடுவார்கள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அத்தை வந்து எட்டிப் பார்த்து, “என்னாடா தம்பி, டிவி ரிப்பேரா?” என்பார். பெண் பார்க்க வருகிறவர்களில் விவரம் தெரிந்த மாமா ஒருவர் இருப்பார். அவர் உங்களை ஹேக்கர் என்று முடிவு செய்து, காபியைக் குடிக்காமலே எழுந்துவிடும் அபாயம் உண்டு.

கலர் டெஸ்க்டாப் என்றால் அந்தக் கவலை இல்லை. ஆனால் அதே மாமா எக்செல் கட்டங்களைப் பார்த்துவிட்டு, “டேட்டா என்ட்ரியா? எங்க தெருவுல நாலு பொண்ணுங்க பண்ணுதுங்க” என்பார். இரண்டையும் பக்கம் பக்கமாகத் திறந்துவைத்து, தேவைக்கேற்ப எதையாவது பெரிதாக்கிக் கொள்வது என் வழக்கம். மேலாளர் வீடியோவில் வரும்போது கருப்பு. தரகர் வரும்போது கலர்.

ஐந்தாம் படி: டெஸ்க்டாப்பைத் திட்டாமல் இருப்பது

டெர்மினல் கற்றுக்கொண்ட மூன்றாம் மாதம் உங்களுக்கு ஒரு திமிர் வரும். எனக்கு வந்தது. மவுஸைத் தொடுகிறவர்களை மனிதர்களாக மதிக்காத ஒரு பருவம் அது. பெரியம்மைத் தழும்பைப் போல அதன் மிச்சம் சிலர் முகத்தில் கடைசிவரை இருக்கும்.

திமிரை இறக்க ஒரு நாள் திருவக்கரைப் பக்கத்துக் கல் கிரஷர் ஒன்றின் எடைமேடை அறைக்குப் போய்வாருங்கள். ஜல்லி லாரி மேலே ஏறி நிற்கும், எடை விழாது, சீட்டு வராது, பின்னால் பதினைந்து லாரி ஹாரன் அடிக்கும். மென்பொருள் கொடுத்தவன் சென்னையில். அவன் கணினியை ரிமோட்டில் எடுத்துச் சரிசெய்வான். எடை போடும் அண்ணன், கீபோர்டை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்ப்பார். முதல் தடவை இதைப் பார்த்தபோது அவர் செருப்பைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அவரிடம் போய் டெர்மினலைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேண்டியது அவர் பார்க்கும் அதே திரையை இன்னொருவனும் பார்ப்பது. “அண்ணே, இந்தச் சிவப்பு பட்டனை இனிமே தொடாதீங்க” என்று அம்புக்குறியால் சுட்டிக்காட்டுவது. அதற்குக் கருப்புத் திரையில் வழி இல்லை.

திண்டிவனத்து ஆடிட்டர் அலுவலகங்களும் அப்படித்தான். மார்ச் மாதம் டாலியைத் தூரத்திலிருந்து திறந்து உட்கார்கிறவர்களுக்கு ஜன்னல்தான் வேண்டும். வீடு கட்டும் வரைபடம், கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பு, வீடியோ வெட்டுவது, எதற்கும் கருப்புத் திரை உதவாது. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய வேலைக்குக் கண் வேண்டும்.

தமிழுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நம் மானம் இதில் அடிபடுகிறது. டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் ஒதுக்குகிறது. ஆங்கில எழுத்துகள் அதில் பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையாக உட்காரும். நம் ‘ணௌ’வை உட்காரவைத்துப் பாருங்கள். கொம்பு ஒரு கட்டத்தில், உடம்பு ஒரு கட்டத்தில், கால் அடுத்த வீட்டில். பல டெர்மினல்களில் புள்ளி தனியே போய் நிற்கும். எழுத்துக்குரிய பைட்டிலும் நாம் கொஞ்சம் கனமானவர்கள்தான். யூனிகோடில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட் ஆகும். ஒரு கோப்புக்கு ‘விழுப்புரம்’ என்று பெயர் வைத்துவிட்டு டெர்மினலில் பட்டியல் எடுத்தேன். புயலுக்குப் பிந்தைய விழுப்புரத்தைப் போல இருந்தது. தமிழில் படிக்கவும் எழுதவும் செய்கிற வேலை என்றால் நேராக ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆறாம் படி: லைன் அறுந்தால்

இதுதான் உண்மையான படி. மற்றவை இதற்கு மேல் போட்ட கோலம்.

ஒரு வாடிக்கையாளரின் ஒன்பது வருஷக் கணக்குகளைப் பழைய கிடங்கிலிருந்து புதிய கிடங்குக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனேன். இந்த எஸ்எஸ்எச் 1995இல் பின்லாந்தில் பிறந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடியதைப் பார்த்து, டாட்டு யூலோனன் என்ற ஆய்வாளர், யாரும் ஒட்டுக்கேட்க முடியாத ஒரு குழாயை எழுதினார். கோப்பு அனுப்பும் எஃப்டிபி 21ஆம் எண் கதவில் இருந்தது, பழைய டெல்நெட் 23இல் இருந்தது. நடுவே காலியாக இருந்த 22இல் துண்டு போட்டு இடம் பிடித்தார். இன்று உலகத்துச் சர்வர்களெல்லாம் அந்தத் துண்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். வரிகள் ஓடத் தொடங்கின. பெருமையாக இருந்தது. பதினொன்றாம் மணி நேரம், விடியற்காலை ஐந்து மணிக்கு, அம்மா பால் சொசைட்டிக்குக் கிளம்பினார். போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போனார். ஹாட்ஸ்பாட் போட்டிருந்த போன் அது.

அறுந்தது இணைப்பு மட்டும் அல்ல, மும்பையில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் நின்றுவிட்டது. காரணம் பழையது. மோடமும் டெலிபோனும் வைத்துக் கணினியோடு பேசிய காலத்தில், ஆள் ரிசீவரை வைத்துவிட்டால் அவர் தொடங்கியதையெல்லாம் நிறுத்திவிடு என்று கணினிக்கு ஒரு சைகை வைத்திருந்தார்கள். அதன் பெயரே ஹேங்அப். ரிசீவர் போய்விட்டது, சைகை போகவில்லை. அம்மா பால் கேனோடு தெருமுனை திரும்பியபோது, யாரோ ரிசீவரை வைத்துவிட்டதாக மும்பைக் கணினி எடுத்துக்கொண்டது.

இதில் எரிச்சல் எது தெரியுமா? அதே வேலையின் மறுபாதியைத் திண்டிவனத்தில் ஒரு நண்பன் ரிமோட் டெஸ்க்டாப்பில் செய்துகொண்டிருந்தான். நான் மாதக்கணக்காகக் கிண்டலடித்த அதே டெஸ்க்டாப். அவனுக்கு அன்றிரவு லைன் ஆறு முறை போனது. ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் அவன் ஜன்னல்கள் விட்ட இடத்தில் விட்டபடி இருந்தன, வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அந்த டெஸ்க்டாப் மும்பையில்தான் இருக்கிறது. நம்மிடம் வருவது அதன் படம் மட்டும். படம் நின்றால் நாடகம் நிற்காது.

டெர்மினல்காரர்களும் இதற்கு எப்போதோ மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், நான்தான் சாப்பிடவில்லை. 1987இல் வந்தது ஸ்கிரீன், 2007இல் வந்தது டிமக்ஸ். உள்ளே போனதும் முதலில் டிமக்ஸைத் திறந்து, அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். வேலை தூரத்துக் கணினியிலேயே ஓர் அறைக்குள் நடக்கும். நீங்கள் அறைக்கு வெளியே நின்று பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். லைன் போகட்டும், அம்மா பால் சொசைட்டிக்குப் போகட்டும், நாளைக்கு வந்து கதவைத் தட்டினால் வேலை விட்ட இடத்திலிருந்து வெகுதூரம் போயிருக்கும். எங்கப்பா ஒன்றை அழுத்திவிட்டுப் போனை வைத்துவிடுகிறார், மோட்டார் நிற்கிறதா என்ன? அந்தத் தகரப் பெட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய ஒரு ராத்திரி வேண்டியிருந்தது.

நகர்ந்துகொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கு 2012இல் எம்ஐடியில் மோஷ் என்று ஒன்று எழுதினார்கள். பேருந்தில் கிளியனூர் தாண்டும்போது டவர் மாறி, உங்கள் இணைய முகவரியே மாறிப்போனாலும் அது பிடியை விடாது. நீங்கள் தட்டிய எழுத்து மும்பை போய்த் திரும்பும்வரை காத்திருக்காமல், இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து முன்கூட்டியே திரையில் காட்டும். திண்டிவனம் போகும் பேருந்தில் நின்றுகொண்டே ஒரு சர்வரை மறுதொடக்கம் செய்திருக்கிறேன். கண்டக்டர் சில்லறை கேட்ட நேரத்தில்தான் அது எழுந்து வந்தது.

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. எங்கள் பூவரச மரத்துக் கிளை முறிந்து வைக்கோல்போரின் மேல் கிடந்தது. கிடேரி அதன் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. நாலு நாள் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. ஐந்தாம் நாள் விழுப்புரம் போய் ஒரு நண்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இணைத்துப் பார்த்தேன். புயலுக்கு முன் டிமக்ஸுக்குள் தொடங்கிவிட்டிருந்த வேலை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கடைசி வரியில் ‘முடிந்தது’ என்ற செய்தியும் அதன் கீழே அந்த மினுக் மினுக்கும்.

இரண்டாம் படியில் என்ன எழுதியிருந்தேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. யூபிஎஸ் வாங்குங்கள்.

ஏழாம் படி: எந்தக் கணினி இது

கருப்புத் திரையில் ஒரு குணக்கேடு உண்டு. எல்லாக் கருப்புத் திரையும் ஒன்று போலவே இருக்கும். 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், ராத்திரி வெகுநேரம் கண்விழித்த களைப்பில், காலியாக இருக்க வேண்டிய சர்வரை அழிப்பதாக நினைத்து உண்மையான தரவு இருந்த சர்வரை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது நாலரை. எடுத்துவைத்திருந்த நகல்கள் பலவும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முந்திய ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் தப்பித்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்கே சொன்னார்கள் என்பதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு.

டெஸ்க்டாப் என்றால், அழிக்கலாமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். நாமும் படிக்காமல் சரி என்று அழுத்துவோம். ஆனாலும் கேட்கும். டெர்மினல் கேட்காது. பெரியவர்கள் சொல்லிவிட்டார்களே என்று செய்துவிடும். ஆகவே நிஜ வாடிக்கையாளர் இருக்கும் சர்வரின் வரித் தொடக்கத்தைச் சிவப்பு நிறமாக மாற்றிவையுங்கள். அழிக்கும் கட்டளைக்கு முன்னால், நீ யார், உன் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எங்கப்பா போனில் ‘மோகன் மாமா’வுக்கு அடுத்த பெயர் ‘மோட்டார்’. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு மாமாவை எழுப்பி, அவர் ஹலோ ஹலோ என்று கத்தக் கத்த ஒன்றை அழுத்திக்கொண்டே இருந்தார். அதன் பிறகு மோட்டாருக்கு ‘ஆ மோட்டார்’ என்று பெயர் வைத்து, பட்டியலின் உச்சிக்கு ஏற்றிவிட்டோம்.

எட்டாம் படி: யாரைக் கதவுக்குள் விடுவது

மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டிக்கப்போகிறோம் என்று குறுஞ்செய்தி வரும். அந்த எண்ணுக்குப் பேசினால் பணிவான குரலில் ஒருவன், “சார், ஒரு சின்ன ஆப் இறக்கிக்கோங்க” என்பான். எனிடெஸ்க் போன்றதொரு செயலியாக இருக்கும். கிரஷர் அண்ணனுக்கு எடை விழவைத்த அதே வகைப் பொருள்தான். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இந்தத் தந்திரத்தைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. அவன் உங்களை எஸ்எஸ்எச் போடச் சொல்ல மாட்டான். அதை போனில் எழுத்துக் கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் அவன் ரீசார்ஜ் தீர்ந்துவிடும். மின்சாரம் எங்கள் ஊரில் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டெல்லாம் போனதில்லை என்று பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

அலுவலகத்துக் கணினியின் ரிமோட் டெஸ்க்டாப் கதவை, அதன் எண் 3389, நேரே உலகத்துக்குத் திறந்துவைக்கவும் கூடாது. 2019 மே மாதம் மைக்ரோசாப்ட் அதில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைக்கத் திருத்தம் வெளியிட்டது, கைவிட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சேர்த்து. முதலில் விபிஎன், பிறகு கதவு. எஸ்எஸ்எச்சுக்குக் கடவுச்சொல்லை விடச் சாவிக் கோப்பு நல்லது. சாவியைக் குடும்ப வாட்ஸப் குழுவில் பத்திரப்படுத்த வேண்டாம். இதற்கு மேல் சந்தேகம் வந்தால் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவின் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொறுமையாகச் சொல்லித்தருவார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, கிடேரியைப் பார்க்க வேண்டும்.

போன மாதம் ஒரு ராத்திரி. வாடிக்கையாளர் டெர்மினலுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார், அவர்கள் விதி அப்படி. வேறு விதியில்லாமல் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு பெட்டி, அதில் ஒரே ஒரு ‘சரி’. அதை அழுத்தினால் படுக்கப் போகலாம். அம்புக்குறியை இழுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஒன்றரை மணிக்குத் த்ரீ பேஸ் வந்தது. கட்டிலில் அப்பா புரண்டார், கண்ணைத் திறக்காமலே போனைத் தடவி எடுத்தார், ஒன்றை அழுத்தினார். கொல்லைப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“இன்னுமாடா தூங்கல?”

“ஒரு பட்டனை அழுத்தணும்பா.”

“உன் கம்ப்யூட்டருக்கு நம்பர் எதுவும் கிடையாதா?”

“இருக்குப்பா.”

“அப்புறம் என்னா. போனைப் போட்டு ஒண்ணை அமுக்கிட்டுப் படு.”

போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். நான் திரையைப் பார்த்தேன். அம்புக்குறி இப்போதுதான் கிளியனூர் தாண்டியிருந்தது.